‘இளைஞர் சொல்’ யாருடைய சொல்?

சென்ற கோடையில் டோர்ட்முண்டில் அக்கா வீட்டில் நின்றபோது மருமகன் கைத்தொலைபேசியில் நண்பனோடு கதைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வசனத்துக்கு ஒருமுறை ‘வல்லா’ என்று வந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “உதென்ன துருக்கிக்காரற்றை பாஷை? டொச் கதைச்சா ஒழுங்காக் கதை” என்றா. “அது துருக்கி இல்லையம்மா, அரபு. இப்ப எல்லாரும் இப்பிடித்தான். இன்ரநெற்றிலை வந்தது” என்றான் அவன்.

அக்காவின் கோபம், மருமகனின் பதில் இரண்டுமே ஒரு விஷயத்தை மறைக்கின்றன என்று எனக்குப்பட்டது. இன்ரநெற் சொற்களைப் பரப்புகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன்னரே யாரோ சிலருடைய வாயில் இருந்தவை. அந்த யாரோ யார் என்பதுதான் கேள்வி.

லாங்கன்ஷைட் பதிப்பகம் 2008 முதல் ‘ஆண்டின் இளைஞர் சொல்’ என்றொரு தெரிவை நடத்தி வருகிறது. வந்த புதிதில் நம்மில் பலர் பையில் கொண்டு திரிந்த மஞ்சள் அட்டை அகராதியை வெளியிட்ட அதே பதிப்பகம்தான். 2020 முதல் இளைஞர்களின் வாக்கே முடிவு செய்கிறது. 2021 இல் ‘கிரிஞ்ச்’, 2024 இல் ‘அவுரா’. பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாகப் போடுகின்றன. பெரியவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

தெரிவான சொற்களைச் சற்று உரசிப் பார்ப்போம். 2011 இன் ‘சுவாக்’ அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஹிப்ஹொப் வழியாகப் பரவியது. 2013 இன் ‘பாபோ’வை நாடு முழுக்கக் கொண்டுசென்றவர் ஒவ்பன்பாக் நகரத்து றாப் பாடகர் ஒருவர். குர்தியத் தகப்பனின் பிள்ளையான அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஹாவ்ற்பெவீல்’, அதாவது பிடியாணை. பாபோ என்றால் ஸாஸா மொழியில் தகப்பன், தெருவில் தலைவன். அதே பாட்டில் வரும் ‘சாபோ’ ரோமா மக்களின் மொழியில் பையன்.

இன்னும் பின்னால் போகலாம். ஆசையைச் சொல்ல ஜேர்மன் பிள்ளைகள் பாவிக்கும் ‘பொக்’, ரோமாக்களின் மொழியில் பசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது; ஹிந்தியின் ‘பூக்’குக்கு உறவு. கணினி விளையாட்டுக்குச் சொல்லும் ‘ட்சொக்கன்’ யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக வந்தது. ரோமாக்களையும் யூதர்களையும் கொன்று குவித்த நாட்டில், அவர்களுடைய சொற்கள் பிள்ளைகளின் வாயில் இன்னும் உயிரோடிருக்கின்றன.

தெரிவின் பெயரிலேயே பிழை இருக்கிறது. ‘இளைஞர்’ என்றதும் குர்தியர், அரபியர், ரோமாக்கள் எல்லோரும் காணாமற் போய்விடுகிறார்கள். சொல்லுக்கு வரவேற்பு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவனுக்கு இல்லை.

2024 இல் இந்த மறைப்புக் கிழிந்தது. இறுதி மூன்று சொற்களில் ஒன்று ‘தலாஹோன்’. அரபில் ‘இங்கே வா’ என்பதிலிருந்து வந்தது. றாப் பாட்டொன்றின் மூலம் டிக்டொக்கில் பரவியபோது பெடியள் தங்களைத் தாங்களே பகிடி பண்ணவும் பாவித்தார்கள். பிறகு அது குடியேறிய இளைஞர்களை இழிவுசெய்யும் வசையாக வலதுசாரிகளின் வாய்க்குப் போனது. ‘கனாக்கெ’யின் கதையும் இதுதான். ஹவாய் மொழியில் அதன் பொருள் மனிதன். இங்கே வெளிநாட்டானைத் திட்டும் சொல். பெரிடுன் சைமோக்லு 1995 இல் ‘கனாக் ஷ்பிராக்’ என்று அந்த வசையையே தன் நூலின் தலைப்பாக்கினார்.

நாமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. ‘அசூல் அடிச்சு’, ‘ஹைமில்’ இருந்து, ‘துல்டுங்’ புதுப்பிக்க வரிசையில் நின்றவர்கள் உண்டாக்கிய தமிழும் கொச்சைத் தமிழ்தான். துல்டுங் என்றால் சகித்துக்கொள்ளுதல். அதைத்தான் ‘கிடைச்சிட்டுது’ என்று சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தோம். ‘வல்லா’ சொன்னவர்களும் அதே ஹைமில் அடுத்த அறையில்தான் இருந்தார்கள்.

ஐரோப்பிய மொழிகளுக்குத் தமிழ் கொடுத்த சொல் என்று ‘கட்டுமர’த்தைப் பெருமையாகச் சொல்வோம். இன்னொன்றைப் பற்றி வாய் திறப்பதில்லை: ‘பாரியா’. ஒதுக்கப்பட்டவன் என்று டொச் அகராதி பொருள் சொல்லும். மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பாரியா மக்கள்’ என்று எழுதினார். 1933 இல் இந்த நாட்டைவிட்டுத் தப்பியோடிய ஹன்னா ஆரென்ட் அதே சொல்லைக் கையிலெடுத்து, ஒதுக்கப்பட்டவனாகவே தலைநிமிர்ந்து நிற்பதைப் பற்றி எழுதினார். அச்சொல்லின் வேர் பறையர் என்ற எமது சாதிப்பெயர். அதை வசையாக்க நாம் எந்த ஐரோப்பியனிடமும் படிக்கவில்லை. இன்றைக்கும் எம்மவர் பலரின் வாயில் அது வசைதான்.

அன்றிரவு இதைச் சொன்னபோது “நீ எப்பவும் உப்பிடித்தான்” என்று அக்கா எழும்பிப் போய்விட்டா. மருமகன் மட்டும் பாரியா பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இது சொல்லித் தரப்படவில்லையாம். அவன் ‘வல்லா’ சொல்வதைத் தடுக்க எனக்கு ஒரு நியாயமும் இல்லை. யாரையாவது ‘தலாஹோன்’ என்று அவன் சொன்னால் தடுப்பேன். ‘துருக்கிக்காரர்’ என்று அக்கா அந்தக் குரலில் சொன்னாலும் தடுக்கத்தான் வேண்டும். அன்று நான் தடுக்கவில்லை.