பக்கத்தில் என்ன ஏறுகிறது?

ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வறண்ட குளிர்காற்றில் இலங்கையின் திம்புள்ள மலைப்பகுதித் தேயிலைக்கு மணம் கூடும். அதில் நாலைந்து கன மீட்டர் மட்டும் அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர், ஏறத்தாழ 33 கன மீட்டர் கொள்ளும் இருபதடிக் கொள்கலனை முழுதாக எடுக்கத் தேவையில்லை. கொழும்பில் பலருடைய சரக்கை ஒன்றாகச் சேர்த்து ஏற்றுகிறார்கள். கன மீட்டரா, ஆயிரம் கிலோவா, எது கூடுதலோ அதற்குக் கட்டணம். தேயிலை பாரமில்லாதது, ஆகவே இடத்துக்குத்தான் காசு.

நான் வியப்பது அடுக்குபவரின் கவனத்தை. தேயிலை அயல் மணத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கறுவா, மிளகு, சவர்க்காரம், இறப்பர் எதுவும் கிட்ட வரக்கூடாது. ஈரம் ஆகவே ஆகாது. மலைச்சரிவில் கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பு இந்தக் கடைசி அடுக்கில்கூடக் கெட்டுப்போகலாம். சரக்கு அனுப்புகிறவர்களே, கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், பக்கத்தில் என்ன ஏறுகிறது என்று கேளுங்கள்.