திசைப்பூ

கடல் வரைபடத்தை விரித்தால் பெரும்பாலோர் முதலில் கரையைத் தேடுவார்கள். நான் தேடுவது தண்ணீருக்கு நடுவே வரைந்திருக்கும் வட்டத்தை. காம்பஸ் ரோஸ் என்று மாலுமிகள் சொல்வதை நாம் திசைப்பூ என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் ஓரத்து அலங்காரம் என்று நினைத்து அதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். உண்மையில் அங்கே அழகுக்காகப் போட்டது கொஞ்சம், வேலைக்காகப் போட்டது நிறைய.

பழைய திசைப்பூவின் இதழ்களை எண்ணினால் பெரும்பாலும் 32. ஏன் 30 இல்லை, 36 இல்லை? வட்டத்தைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால் 4, 8, 16, 32 என்று வந்து நிற்கும். பாகைமானி வேண்டாம், கவராயமும் நேர்கோலும் போதும். இதழுக்கு இதழ் 11¼ பாகை. அலையில் ஆடும் பாய்மரக் கப்பலில் சுக்கான் பிடிப்பவனால் அதைவிட நுணுக்கமாகத் திசை பிடிக்க முடிவதும் அரிது. வரைபவனின் வசதியும் ஓட்டுபவனின் வரம்பும் ஒரே எண்ணில் வந்து பொருந்தியிருப்பதை நினைத்தால் எனக்கு அலுப்பதே இல்லை. இந்த 32 திசைகளின் பெயர்களையும் வடக்கில் தொடங்கி வரிசை தப்பாமல் ஒப்பிப்பது கப்பலில் சேரும் பையனுக்கு முதல் பாடங்களுள் ஒன்றாக இருந்தது.

காந்த ஊசி வருவதற்கு முன்பே இந்த இதழ்கள் காற்றுகளாக இருந்தன. மத்தியதரைக் கடலோடிகள் வடக்கைத் திரமொந்தானா என்றார்கள். கிழக்கு லெவாந்தே, தென்கிழக்கு சிரோக்கோ, மேற்கு பொனெந்தே. வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று நான்கு திசைக்கும் நான்கு காற்றை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலில் திசை முதலில் முகத்தில்தான் படுகிறது.

மயோர்க்காத் தீவில் 1375 வாக்கில் உருவான கத்தலான் வரைபடத் தொகுப்பில்தான் திசைப்பூ முதன்முதலாக வரைபடத்தில் ஏறியது என்பார்கள். ஆப்ரகாம் கிரெஸ்க்கின் வேலை என்று கருதப்படும் அந்தத் தோல் ஏடுகள் இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது காற்றுத் திசைகளைக் காட்டும் கோடுகளின் நிறம். எட்டு முதன்மைக் காற்றுகளுக்குக் கறுப்பு, அவற்றின் இடைக்காற்றுகளுக்குப் பச்சை, அதற்கும் இடையில் வருபவற்றுக்குச் சிவப்பு. கடல் முழுக்கக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓட, மங்கிய விளக்கொளியில் ஒரு கோட்டைப் பிடித்தவன் வழியில் இன்னொன்றுக்குத் தாவிவிடாமல் காப்பாற்றியது இந்த மூன்று மைதான்.

பின்னால் வடக்கு இதழில் ஓர் அல்லி மலர் வந்து உட்கார்ந்தது. 1504 வாக்கில் போர்ச்சுகீசியர் பெத்ரோ ரெய்னெல் வரைந்த வரைபடம் அந்த மலர் காணப்படும் மிகப் பழையவற்றுள் ஒன்று. கிழக்கு இதழுக்குச் சிலுவை போடும் வழக்கமும் இருந்தது. மத்தியதரைக் கடலிலிருந்து பார்த்தால் ஜெருசலேம் கிழக்கில். கோவாவில் நின்று பார்த்தால் அதே ஊர் வடமேற்கில்! பக்தி ஊரை மாற்றிக்கொண்டது, திசையை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்து வரைபடங்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. மத்தியதரைக் கடலே சற்றுச் சாய்ந்து கிடக்கும். ஜிப்ரால்டரும் அலெக்சாந்திரியாவும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் தெரியும். உண்மையில் அலெக்சாந்திரியா ஏறத்தாழ 5 பாகை தெற்கே இருக்கிறது. காந்த ஊசி அன்று உண்மை வடக்குக்குக் கிழக்கே விலகி நின்றதுதான் இதற்குக் காரணமாகப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஊசி காட்டியதையே வடக்கு என்று நம்பி வரைந்தால் கடல் அந்த அளவுக்குத் திரும்பத்தானே செய்யும்.

அச்சிட்ட இக்காலக் கடல் வரைபடத்தின் திசைப்பூவில் மலரும் இல்லை, சிலுவையும் இல்லை. ஊதாச் சிவப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். வெளிவளையம் உண்மை வடக்கைப் பின்பற்றுகிறது. 0 முதல் 360 வரை பாகை பாகையாகக் கோடு. அமெரிக்க வரைபடங்களில் அதன் உச்சியில் துருவ மீனைக் குறிக்க ஒரு நட்சத்திரமும் உண்டு. உள்வளையம் காந்த வடக்கைப் பின்பற்றுகிறது. அதனால் ஒரு பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும். இரண்டையும் நேராக அடுக்கியிருந்தால் பார்க்க ஒழுங்காக இருந்திருக்கும். மாலுமி பாறையில் மோதியிருப்பான்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது நடுவில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பு. காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை, ஆண்டுதோறும் நகர்கிறது. ஆகவே உண்மை வடக்குக்கும் அதற்கும் இடையிலுள்ள கோணமான விலகலோடு, அதை அளந்த ஆண்டும், வருடாந்தர மாற்றமும் அதில் இருக்கும். உதாரணத்துக்கு “4°15′ மேற்கு, 2009, (8′ கிழக்கு)” என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2024-இல் அந்த வரைபடத்தைப் பயன்படுத்துபவர் 15 ஆண்டை 8 கலையால் பெருக்க வேண்டும். 120 கலை, அதாவது 2 பாகை. மாற்றம் கிழக்கு நோக்கி என்பதால் மேற்கு விலகலிலிருந்து கழிக்க, மிச்சம் 2°15′ மேற்கு. தான் எந்த ஆண்டில் சரியாக இருந்தேன், ஆண்டுக்கு எவ்வளவு தவறிப்போவேன் என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வரும் கருவி வேறு எத்தனை இருக்கிறது?

விலகல் இடத்துக்கு இடம் மாறும். அதனால் பரந்த கடலைக் காட்டும் ஒரே தாளில் பல திசைப்பூக்களைத் தூவி வைப்பார்கள். கப்பல் போகும் கோட்டின் மேல் இணைகோலை வைத்து, கோணம் கெடாமல் அடி அடியாக நகர்த்தி, அருகில் உள்ள பூவின் மையத்துக்குக் கொண்டுபோய் வளையத்தில் பாகையைப் படிக்க வேண்டும். 45 பாகையை 045 என்று மூன்று இலக்கமாக எழுதுவதும் ஒரு கட்டுப்பாடு. இரைச்சலில் ஓர் இலக்கம் காதில் விழாமல் போனால் உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா தன் மரபான காகித வரைபடங்களை 2025 தொடக்கத்துக்குள் முற்றிலும் நிறுத்திவிட்டது. மற்ற நாடுகளும் திரைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. திரையில் திசை கேட்டால் எண் உடனே வருகிறது. அதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய பொருள் கடையில் கடல் வரைபடம் ஏதாவது கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு முன் பூவின் நடுவே உள்ள ஆண்டைப் படித்து, இன்றைக்கு விலகல் எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.