எளிய கதைகளும் எளிதல்லாத வாசிப்பும்

கதைப் புத்தகம் சிறுவருக்குரியது, வளர்ந்தவர் அதைக் கையில் எடுப்பது வெட்கம் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் உண்டு. யப்பானிய மொழியைக் கற்கத் தொடங்கிய நாட்களில் எனக்கும் அது இருந்தது. இரண்டு பாடநூல்களை முடித்தேன். இலக்கண அட்டவணைகளை மனனம் செய்தேன். பரீட்சையிலும் தேறினேன். ஆயினும் ஒரு பக்கத்தைத் தொடர்ந்து வாசித்து மகிழ என்னால் முடியவில்லை. வாக்கியங்களைப் பகுத்துப் பார்க்கத் தெரிந்திருந்ததே தவிர வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை. அதன் பின்னரே வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுக் கதைப் புத்தகங்களிடம் வந்தேன். அவற்றின் பயன் பற்றியும், அவை குறித்து நிலவும் ஒரு மயக்கம் பற்றியும் இங்கு சில கருத்துக்களை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் எடுத்தது மொமொதாரோ. ஆற்றில் மிதந்து வந்த பீச் பழத்திலிருந்து பிறந்த சிறுவன், நாயையும் குரங்கையும் ஒரு காட்டுப் பறவையையும் துணைக்கழைத்துக்கொண்டு அரக்கர்களை வெல்லப் போகும் நாட்டார் கதை. யப்பானில் இதை அறியாத குழந்தை இல்லை எனலாம். நான் முதற் பக்கத்திலேயே இடறினேன். கிழவர் மலைக்குப் போவது 'ஷிபா' வெட்டுவதற்காக. அகராதியைப் புரட்டினேன்; முதலில் கண்ணில் பட்ட பொருள் புல்தரை. மலையில் போய்ப் புல்தரையை வெட்டும் கிழவரை எண்ணி வியந்தவாறே பல பக்கங்களைக் கடந்துவிட்டேன். பின்னர்தான் படத்தைக் கவனித்தேன். கிழவரின் முதுகில் இருந்தது விறகுச் சுள்ளிக் கட்டு. ஒரே ஒலியில் இரு சொற்கள். கன்ஜி எழுத்தில் எழுதினால் அவை வெவ்வேறு; சிறுவர் நூலின் ஹிரகானாவில் இரண்டும் ஒன்றே.

சிறுவர் நூல் எளிது என்ற மயக்கம் இங்கேதான் உடைகிறது. ஹிரகானாவின் அடிப்படை எழுத்துக்கள் 46 மட்டுமே. பொதுப் பாவனைக்கென 2010இல் திருத்தி வெளியிடப்பட்ட பட்டியலிலுள்ள கன்ஜிகளோ 2136. எனவே ஹிரகானா மட்டும் உள்ள நூல் இலகுவானது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அந்நூல் எழுதப்பட்டது, மொழியைக் காதால் ஏற்கெனவே அறிந்து, எழுத்தை மட்டும் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு. வளர்ந்து மொழி பயில்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. எழுத்து அவருக்குத் தெரியும். ஒலியைக் கேட்டதும் எழ வேண்டிய பொருள்தான் அவரிடம் இல்லை.

'ஹஷி' என்ற ஒலிக்குப் பாலம், ஓரம், உண்ணும் குச்சி என்றெல்லாம் பொருள் உண்டு. இக்கியூ என்ற துறவியின் குறும்புக் கதையொன்று இந்த ஒலியின் மீதே கட்டப்பட்டது. பாலத்தைக் கடக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை தடுக்கிறது. சிறுவன் இக்கியூ ஓரத்தைத்தானே கடக்கக் கூடாது என்று பொருள் கொண்டு நடுவால் நடந்து போகிறான். கன்ஜியில் எழுதினால் இந்தக் கதையே இல்லை. ஹரகத் இட்ட குர்ஆனை ஓதிப் பழகிய நம்மவர் பலர் ஹரகத் இல்லாத அறபுப் பத்திரிகையின் முன் திகைத்து நிற்பர். யப்பானிய மொழி பயில்பவரோ, கன்ஜியைப் பழகிய பின்னர், கன்ஜி இல்லாத பக்கத்தின் முன் திகைக்கிறார்.

இச்சிக்கலை உணர்ந்தோர் மொழி பயில்பவருக்கெனவே படிநிலைக் கதைநூல்களை ஆக்கினர். 2006 முதல் வெளிவரும் இத்தகைய வரிசையொன்றில் முதற் படிக்கு ஏறத்தாழ 350 சொற்கள், நான்காம் படிக்கு 1300 சொற்கள் என வரையறை உண்டு. இவற்றோடு 'தடொக்கு', அதாவது நிறைய வாசித்தல் என்ற முறையும் பரவியது. அதன் விதிகள் நான்கு. மிக எளியதிலிருந்து தொடங்கு. அகராதியைப் பார்க்காதே. புரியாத இடத்தைத் தாண்டிச் செல். வாசிப்பு நகராவிட்டால் நூலை மாற்று. அகராதியை நம்பிப் படத்தைப் பார்க்கத் தவறியவன் என்ற வகையில் இரண்டாம் விதியின் நியாயத்தை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். இந்நூல்களால்தான் நிறுத்தாமல் பத்துப் பக்கம் வாசிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

எனினும் இலக்கிய வாசகன் என்ற வகையில் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். தாண்டிச் செல் என்ற விதி தெரியாத சொற்களைப் பற்றியது. தெரியும் என்று நாம் நம்பும் சொற்களைப் பற்றி அது பேசுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நீமி நன்கிச்சியின் 'கோன் என்ற நரி' 1932இல் 'அக்காய் தொரி' என்ற சிறுவர் சஞ்சிகையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18. 1943இல், 29 வயதில் அவர் காலமானார். இக்கதை நான்காம் ஆண்டுப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கோன் என்ற குறும்புக்கார நரி, ஹியோஜூ பிடித்த விலாங்கு மீனைத் திருடிவிடுகிறது. பின்னர் அவனது தாய் இறந்ததை அறிந்து, சாகுமுன் அவள் ஆசைப்பட்ட மீனைத்தான் தான் பறித்துவிட்டதாக எண்ணி வருந்துகிறது. பரிகாரமாக அவன் வீட்டில் செஸ்நட் கொட்டைகளையும் காளான்களையும் இரகசியமாக வைத்துவிட்டுப் போகிறது. அவனோ நரி மீண்டும் திருட வந்துவிட்டதென எண்ணிச் சுட்டு விடுகிறான். கொட்டைகளைக் கண்ட பின்னரே, இத்தனை நாளும் அவற்றைத் தந்தது யார் என்பது அவனுக்கு விளங்குகிறது.

அவன் அப்போது உச்சரிக்கும் வினைச்சொல் 'குரெரு'. முதல் வாசிப்பில் அதைக் 'கொடுத்தல்' என்று எடுத்துக்கொண்டு கடந்துவிட்டேன். பாடநூல் அட்டவணையில் பலமுறை பார்த்த சொல்தானே. மறுவாசிப்பில்தான் அது என்னை நிறுத்தியது. நாம் பிறருக்கு அளிப்பதற்கு யப்பானியர் கூறுவது 'அகெரு'. பிறர் நமக்கு அளிப்பதற்கே 'குரெரு'. நமது தொல்காப்பியமும் தருதலைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தலைப் படர்க்கைக்கும் உரியதாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆக, ஹியோஜூ சொல்வது கொடுத்ததை அல்ல, தந்ததை. துவக்கைத் தூக்கியபோது அவனுக்கு அந்நரி வெறும் திருடன். இந்த ஒரு வினைச்சொல்லால் அது அவனுக்குத் தந்தவனாகிவிடுகிறது. அட்டவணையில் நான் மனனம் செய்த இலக்கணம், நரியின் சாவில்தான் எனக்குப் புரிந்தது.

நான் வாசித்த சில படிநிலை நூல்கள் இந்த இடத்தில் தோற்கின்றன. சொற்களை எண்ணிக் குறைக்கையில் ஒலிக்குறிப்புச் சொற்களும் பேச்சின் சாயலும் போய்விடுகின்றன. நிகழ்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. இதனால் அவை வேண்டாம் என்பதல்ல என் வாதம். நடை பழகுவதற்கு அவை அவசியம். ஆனால் அவற்றோடு நின்றுவிடுவது, மொழியின் வாசலில் நின்று திரும்புவதற்கு ஒப்பாகும்.

எனது பரிந்துரை இதுதான். படிநிலை நூல்களை விதிப்படி, அகராதி இல்லாமல், வேகமாக வாசியுங்கள். அதன் பின் ஒரு நல்ல சிறுவர் கதையை எடுத்து இருமுறை வாசியுங்கள். முதல் முறை தெரியாத சொற்களைத் தாண்டுங்கள். இரண்டாம் முறை தெரிந்த சொற்களில் நில்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் பாடநூல் கதையில் இவ்வளவு இருக்கையில், அதைக் கையில் எடுக்க நான் ஏன் வெட்கப்பட்டேன் என்பது இப்போது எனக்கு விளங்கவில்லை.