பரமார்த்த குருவும் மொழிப் பாடமும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதியோர் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையைப் பெரும்பாலும் இரு நோக்கிலேயே கண்டுள்ளனர். ஒரு சாரார் அதனைத் தமிழ் நகைச்சுவை உரைநடையின் தொடக்கம் எனப் பாராட்டி, நூற்பெயர் வரிசையில் ஓரிடம் அளித்துவிட்டு அப்பால் செல்வர். மற்றொரு சாரார், மடத்தையும் குருவையும் எள்ளி நகையாடுவதற்காக ஒரு பாதிரியார் புனைந்தது எனக் கடிந்துரைப்பர். இவற்றுக்கிடையே, ‘கோதம் ஊர் அறிவாளிகள்’ என்னும் ஆங்கிலக் கதைத் தொகுதியோடு இதனை ஒப்பிட்டு, எது யாரிடமிருந்து வந்தது என்று ஆராய்வோரும் உளர். ஆயினும் இந்நூல் எவருக்காக, எப்பயன் கருதி எழுதப்பட்டது என்னும் எளிய வினா போதிய கவனம் பெறவில்லை. தமிழாசிரியராகிய நமக்கோ அவ்வினாவே முதன்மையானது.

இது ஒரு பாடநூல். இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்து, 1747இல் மறைந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், தமிழகத்துக்கு வரும் ஐரோப்பியக் குருமார் தமிழ் கற்கும் பொருட்டுக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழ்–இலத்தீன் அகராதி ஒன்றையும் தொகுத்தார். அவ்வகராதியோடு சேர்த்து, இலத்தீன் மொழிபெயர்ப்பும் உடன்வர, அவர் அளித்தவையே பரமார்த்த குருவின் எட்டுக் கதைகள். இலக்கணம் கற்று, அகராதியும் கைக்கொண்ட மாணாக்கன் மூன்றாவதாகப் பெறும் துணை ஒரு சிரிப்புக் கதை! இந்த வரிசை முறையே ஒரு கல்விக் கொள்கை என்று கொள்ளத் தகும்.

கதைகளோ பெரும்பாலும் வழிநடைக் கதைகள். குருவும் ஐந்து மாணாக்கரும் ஆற்றைக் கடக்கின்றனர்; குதிரை முட்டை என்று பூசணிக்காயை விலைக்கு வாங்குகின்றனர்; எருதை வாடகைக்கு அமர்த்திச் செல்கையில் அதன் நிழலில் இளைப்பாறியதற்கு வேறு வாடகை கேட்கப்பட்டு வழக்காடுகின்றனர். ஐரோப்பாவிலிருந்து புதிதாய் வந்து தமிழ்நாட்டுச் சாலையில் நடக்கப்போகும் ஒருவனுக்குத் தேவையான சொற்கள் யாவை? ஆறு, துறை, விலை, வாடகை, வழக்கு, தீர்ப்பு, நிழல், வெயில். இவையனைத்தும் கதையின் போக்கிலேயே வந்து விழுகின்றன. வழியில் ஒருவன் இடறும்போதுதான் அவனுக்குச் சொல் தேவைப்படுகிறது; இடறாமல் ஊர் போய்ச் சேர்பவனுக்கு வாய் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அறிவாளியின் பயணத்தை எழுதியிருந்தால் முனிவருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதப் பொருள் கிடைத்திராது.

இந்நூலின் உயிர்நாடி எனத்தக்கது குதிரையிலிருந்து விழும் கதை. முன்னொரு முறை தலைப்பாகை கீழே விழுந்தபோது, எடுக்கச் சொல்லவில்லை என்பதால் மாணாக்கர் அதனை எடுக்கவில்லை. குரு சினந்து, விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்றார். உடனே குதிரையின் சாணத்தையும் பத்திரமாக எடுத்துவந்தனர். இறுதியில் எவ்வெவற்றை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதித் தரப்பட்டது. பின்னர் குருவே குழியில் விழுந்தார். மாணாக்கர் ஓலையைப் படித்து, அதில் கண்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்தனர்; குருவின் பெயர் பட்டியலில் இல்லையாதலால் அவரை எடுக்க மறுத்தனர். குழியில் கிடந்தபடியே அவர் தம் பெயரையும் எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இக்கதை எங்கே இடம்பெற்றுள்ளது என்பதை நினைவிற் கொள்க. சொற்களை வரிசைப்படுத்திப் பொருள் கூறும் அகராதி ஒன்றின் அருகில்! பல்லாண்டு உழைத்துச் சொற்பட்டியல் தொகுத்த ஒருவர், பட்டியலை மட்டும் நம்பியவன் தன் ஆசிரியரையே குழியில் விட்டுவிடுவான் என்று அப்பட்டியலின் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார். மடங்களின் மீது எய்த அம்பு என இந்நூலைக் காண்போர், அந்த அம்பு அகராதிக்காரரின் நெஞ்சையும் தொட்டிருப்பதைக் காணத் தவறினர். மனப்பாடச் சொற்பட்டியலை வாரந்தோறும் மாணவர் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல் வைக்கும் நம்மில் எவரும் இக்கதையைப் படித்து முற்றிலும் கவலையற்றுச் சிரித்துவிட முடியாது.

மாணாக்கரின் பெயர்களிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன அப்பெயர்கள். நான்கு பெயர்கள் அறிவின்மையைக் குறிக்கும் ஒருபொருட் பன்மொழிகள். அகராதிப் பாடமே பெயர்களாகிவிட்டது. நான்காவதாக நிற்கும் மிலேச்சன் என்பதோ அயல்நாட்டானைக் குறிக்கும் சொல். தமிழ் கற்க அமர்ந்த ஐரோப்பியன் அகராதியைப் புரட்டி அப்பெயரின் பொருளைக் காணும்போது, ஐவருள் ஒருவன் தானே என்று அறிகிறான். எழுதிய முனிவரும் அந்த வகுப்பைச் சேர்ந்தவரே. தம்மையும் சேர்த்து எண்ணத் தெரிந்த ஆசிரியர் அவர் என்பது என் துணிபு. இன்று கடைகளில் கிடைக்கும் சிறுவர் பதிப்புகள் பலவற்றில் மிலேச்சன் நீக்கப்பட்டு, முட்டாள், மண்டு என்ற பெயர்கள் புகுந்துள்ளன. கதைகளின் எண்ணிக்கையும் எட்டோடு நிற்பதில்லை. எளிமையாக்கம் என்ற பெயரில் நூலின் மிகக் கூரிய நகைச்சுவை மழுங்கடிக்கப்பட்டுள்ளது. சிறுவர் பதிப்பாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இந்நூல் மொழிப்பாடமாகவே உலகை வலம்வந்தது. பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் இலண்டனில் இதனை வெளியிட்டபோது தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பொருள் அட்டவணை ஆகியவற்றோடு முதற் கதைக்கு மட்டும் சொல் சொல்லாகப் பிரித்த இலக்கண விளக்கமும் சேர்த்தார். எட்டுக் கதைக்கும் விளக்கம் எழுதாமல் ஒன்றோடு நிறுத்தியது நல்லாசிரியரின் செயல். எஞ்சியவற்றை மாணவன் தானே நடந்து கடக்க வேண்டும். (இந்தப் பாபிங்டன் பின்னாளில் மருத்துவராகி, 1829இல் தொண்டையின் உட்புறத்தைக் காணும் கருவியொன்றை அறிஞர்முன் காட்டினார். தமிழின் ழகரமும் றகரமும் அவரை அத்துறைக்கு இழுத்தனவோ என்று வேடிக்கையாக எண்ணத் தோன்றுகிறது.) 1826இல் துபுவா பாதிரியாரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பாரிசில் வெளிவந்தது.

தமிழ் கற்கும் ஐரோப்பியருக்காக எழுந்த இத்தகைய நூல்களுக்கும் கோலாலம்பூருக்கும் ஓர் உறவு உண்டு. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரொயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் அத்துறையின் வெளியீடாகவே மறுபதிப்புச் செய்தார். முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த ஆண்டும் அதுவே. மாநாட்டைக் கொண்டாடும் நாம் அகராதியை மறந்துவிட்டோம். இத்தாலியம், இலத்தீன், போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளில் பயிற்சி பெற்று, அவற்றின் வழியே தமிழுக்குப் பொருள் தேடியவர் அடிகள். ‘ஒன்றே உலகம்’ என்னும் அவரது பயணக் கட்டுரைகளைப் படிப்போர், பிறமொழி கற்றல் தமிழுக்கு இழப்பன்று என்பதை வாதமின்றியே உணர்வர்.

ஈண்டு நம் பள்ளிகளின் நிலையைக் கூறியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் கூறும் காரணங்களுள் தலையாயது, “தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது” என்பதே. இந்த அச்சத்துக்கு முழக்கங்களால் விடை கூற முடியாது. வகுப்பறையில்தான் கூற முடியும். 2018இல் ஐரோப்பியப் பொதுமொழித் தரச் சட்டகத்தைத் தழுவிய ஆங்கிலக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, முதலாம் ஆண்டுக்குச் ‘சூப்பர் மைண்ட்ஸ்’, படிவம் ஒன்றுக்குப் ‘பல்ஸ் 2’ என வெளிநாட்டு நூல்கள் தருவிக்கப்பட்டன. அவற்றின் அயற்பண்பாட்டுச் சூழல் பற்றி அப்போதே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவ்வெதிர்ப்பில் பாதியே எனக்கு உடன்பாடு. அயல்நாட்டைப் பாடத்தில் காட்டுவது குற்றமன்று. நம் பிள்ளைகள் அறியாத தெருவை அறிவதற்குத்தான் மொழியே கற்கிறார்கள். விளையாட்டும் பாட்டும் கலந்த அந்நூல்களின் முறையும் வரவேற்கத்தக்கதே. குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வகைப் பாடநூல்களின் பயணப் பகுதிகளில் எவரும் வழிதவறுவதில்லை. இரயில் உரிய நேரத்தில் வருகிறது; உணவு விடுதியில் கேட்டது கிடைக்கிறது; கடைசியில் நான்கு வினாக்கள். ஏமாறுவோரும் இல்லை, வழக்காடுவோரும் இல்லை. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விற்க ஒருவனும் முன்வராத சாலையில் பிள்ளைக்குப் பேச்சு எப்படிப் பிறக்கும்?

பாபிங்டனின் நூலைத் தலைகீழாகத் திருப்பினால் நமக்கு ஒரு வழி புலப்படும். ஆங்கிலேயர் தமிழ் கற்கப் பயன்பட்ட கதையைத் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலம் கற்கப் பயன்படுத்தலாம். கதை முன்பே தெரிந்தது. ஆகவே புதிய மொழியின் சுமை மட்டுமே எஞ்சும். ஆற்றைக் கடந்தபின் எண்ணிப் பார்க்கும் முதற்கதையையே எடுத்துக்கொள்வோம். எண்ணுகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகிறான். தமிழில் ‘வந்தேன்’ என்றாலே போதும், ‘நான்’ வினைக்குள் அடங்கிவிடும். இலத்தீனிலும் அப்படியே. ஆங்கிலமோ ‘ஐ’ என்பதை ஒவ்வொரு முறையும் முன்னே நிறுத்தினாலன்றி வாக்கியத்தை ஏற்காது. தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலத்தில் அடிக்கடி விடுபட்டுப் போவது இந்த ‘ஐ’ தான். தன்னை எண்ண மறந்த மாணாக்கனின் கதையைவிட இப்பிழையைத் திருத்தத் தக்க கதை வேறு இல்லை. கதையில் வரும் வழிப்போக்கன் ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணச் செய்கிறான். வகுப்பில் அடிக்குப் பதில் கைதட்டல் போதும்.

விளையாட்டும் நம்மிடம் இல்லாமல் இல்லை. ‘டாம் உலார்’ என்று நம் பிள்ளைகள் ஆடும் பாம்பும் ஏணியும் ஐரோப்பாவிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் நம் பரமபதப் படத்தின் இனத்தைச் சேர்ந்த இந்திய ஆட்டமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்று, நாளடைவில் கட்டங்களிலிருந்த சொற்களை இழந்து, வெறும் எண்களோடு நம்மிடம் திரும்பியது. கட்டத்தில் சொல் இருந்தவரை அது பாடம். எண் மட்டும் எஞ்சியபின் பொழுதுபோக்கு. அக்கட்டங்களில் மீண்டும் சொற்களை எழுதுவது ஆசிரியருக்கு ஒரு மாலை நேர வேலைதான். பாம்பு கடித்தவன் என்ன நேர்ந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் பாதித் தூரம் இறங்கினால் போதும் என்று விதி வைக்கலாம்.

புரொயென்சாவின் அகராதி நினைவூட்டும் சீட்டு விளையாட்டு ஒன்றும் உண்டு. தமிழில் மேசை, சன்னல், அலமாரி. மலாயில் மேஜா, ஜெண்டெலா, அல்மாரி. போர்த்துக்கீசியத்தில் மேசா, ஜனேலா, அர்மாரியோ. ஒன்பது சீட்டுகளையும் கலைத்துப் போட்டு, ஒரு குடும்பத்தின் மூன்று சீட்டுகளைச் சேர்க்கச் சொன்னால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்கூடச் சேர்த்துவிடுவர். ஐரோப்பிய மொழி என்றால் எங்கோ தொலைவில் உள்ளது என்ற மிரட்சி, வகுப்பறைச் சன்னலிலேயே தெளிந்துவிடும்.

இனி, புதுக் கதைகள். குருவையும் மாணாக்கரையும் கோலாலம்பூர் சென்ட்ரலில் கிள்ளான் செல்லும் இரயிலில் ஏற்றிவிடுங்கள். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த பழைய பாதையின் வழித்தோன்றல் அது. பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் என நிலையங்கள் வரும். ‘புக்கிட் பாடாக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் காண்டாமிருகக் குன்று என்று அறிந்த மடையன் இறங்க மறுப்பான். ‘பத்து தீகா’வில் மட்டி சன்னல்வழியே மூன்று கற்களைத் தேடுவான். மிலேச்சன் மட்டும் ஆங்கிலத்தில் வழி கேட்பான். விடை சரியாகவே கிடைக்கும், எனினும் ஐவரும் அதனை நம்பமாட்டார்கள். இத்தகைய கதையை ஆசிரியர் எழுதவேண்டியதில்லை. நிலையப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் எங்கே தவறாக இறங்குகிறார் என்று கேட்டாற் போதும். தமிழில் தொடங்கும் பேச்சு, சிரிப்பினூடே ஆங்கிலத்துக்கு மாறும் இடத்தை ஆசிரியர் காத்திருந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் கூறி வைக்கிறேன். மூல நூலின் பிற்பகுதிக் கதைகளில், குருவின் இறப்பைப் பற்றிய சோதிடமும் அதன் விளைவும் வருகின்றன. எட்டாம் கதையில் குரு இறந்தே போகிறார். சிறு வகுப்புகளுக்கு முதல் ஐந்து கதைகளும் குழியில் விழும் கதையும் போதும். மற்றவற்றை இடைநிலைப்பள்ளிக்கு விட்டுவைக்கலாம்.