கல்லும் ஏடும் கணினியும்: ஒரு வியாபாரியின் சரிபார்ப்பு

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது தயங்கினேன். நான் பாத்திரக் கடைக்காரன், பட்டம் வாங்கிய அறிஞன் அல்லன். "நீங்க படிக்கிற புத்தகங்களைப் பத்தியே எழுதுங்கய்யா" என்றார்கள். வரலாறு தேடுகிறவர்களுக்குப் பயன்படும் நூல்களையும் இணையத் தளங்களையும் எனக்குத் தெரிந்த அளவில் எடைபோட்டுப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

என் பேத்தி ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, "தாத்தா, ஜெயின்னு சொன்னா மார்வாடியான்னு கேக்கறாங்க. தமிழ்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்று கண் கலங்கினாள். பெங்களூரில் வாழும் தமிழ்ச் சமணர் எல்லோருக்கும் பழகிய கேள்விதான் இது. அடுத்த ஞாயிறு அவளைச் சிரவணபெளகொளாவுக்கு அழைத்துப் போனேன். 981ஆம் ஆண்டளவில் கங்கர் அமைச்சர் சாவுண்டராயர் நிறுவிய கொம்மடேசுவரர் திருவடிக்குப் பக்கத்தில், இதைச் செய்வித்தவர் அவரே என்று கன்னடத்தில் ஒரு வரி உண்டு. அதே செய்தி தமிழிலும் இருக்கிறது, கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து. நாகரி எழுத்திலும் இருக்கிறது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே தமிழ் இருந்ததம்மா" என்றேன். அவள் உடனே, "இது எந்தப் புத்தகத்துல இருக்கு? டீச்சருக்குக் காட்டணும்" என்றாள். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

எங்கள் கடையில் மூன்று வகைக் கணக்கு உண்டு. அன்றன்று எழுதுவது நாள்வழி. அதிலிருந்து பெயர்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. வருஷக் கடைசியில் சுருக்கிக் காட்டுவது ஐந்தொகை. ஐந்தொகையில் சந்தேகம் வந்தால் பேரேட்டைப் பார்ப்போம், பேரேட்டில் வந்தால் நாள்வழியைப் பார்ப்போம். வரலாற்றிலும் அப்படித்தான். கல்லும் ஓலையும் நாள்வழி, பதிப்பித்த நூல் பேரேடு, இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்தொகை. ஒரு நூலோ தளமோ நல்லதா என்று நான் கேட்பது ஒரே கேள்விதான்: இது என்னை நாள்வழிவரை திரும்பிப் போக விடுகிறதா?

முதலில் 'எபிகிராபியா கர்னாடிகா'. பெங்களூரிலேயே பிறந்த லூயிஸ் ரைஸ் துரை தொகுத்த வரிசை. கல்வெட்டு மூலத்தை ரோமன் எழுத்தில் தந்து, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்திருப்பதால் கல்வெட்டு எழுத்து தெரியாதவரும் படிக்கலாம். சிரவணபெளகொளத் தொகுதியை அவர் 1889இல் வெளியிட்டபோது அதில் 144 கல்வெட்டுகள். 1923இல் நரசிம்மாச்சார் திருத்திய பதிப்பில் 500. மைசூர்ப் பல்கலைக்கழகத்துக் கன்னட ஆய்வு நிறுவனம் 1973இல் வெளியிட்ட பதிப்பில் 573. பதிப்புக்குப் பதிப்பு எண்ணும் மாறும். இது தெரியாமல் ஒரு கூட்டத்தில் ரைஸ் கொடுத்த எண்ணை நான் சொல்ல, எதிரே இருந்த பேராசிரியர் நரசிம்மாச்சார் பதிப்பைப் புரட்டிப் பார்த்து, "இங்க வேற எதுவோ இருக்குதே" என்று சிரித்தார். தப்பு என்னுடையதுதான். கல்வெட்டு எண்ணோடு பதிப்பு ஆண்டையும் எழுதாதவன், தேதி போடாமல் ரசீது கொடுத்தவன்.

அடுத்து, எங்கள் சமயம் பற்றிய இரண்டு நூல்கள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1941இல் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ச் சமண இலக்கிய வரலாறு ஒன்று. மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' மற்றொன்று. சக்கரவர்த்தி எங்கள் சமூகத்துப் பெரியவர். காப்பியங்களின் கதையையும் தத்துவத்தையும் அவர் விளக்கும் அழகே தனி. ஆனால் திருக்குறளை இயற்றியவர் ஏலாசாரியர் என்னும் குந்தகுந்தரே என்று அவர் சொல்லும் இடத்தில் நான் தயங்குகிறேன். எங்கள் வீடுகளில் அது வேதவாக்கு. இருந்தாலும் அதற்குக் கல்வெட்டுச் சாட்சி எதையும் நான் பார்த்ததில்லை. நம்மவர் சொன்னார் என்பதற்காகக் கணக்கில் ஏற்ற முடியுமா? வேங்கடசாமி சமணர் அல்லர். ஆனால் ஊர் ஊராகச் சமணத் தடயங்களைச் சொல்லும்போது, கல்வெட்டு அறிக்கைகளையும் சுட்டிக்காட்டுகிறார். அவர் சொன்னதை அவரை வைத்தே சரிபார்க்கலாம். என்னைக் கேட்டால், தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டிய நூல் இதுதான்.

இனி இணையம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்களைக் கோப்பின் தலைப்பிலேயே போடுகிறது. நேர்மையான வழக்கம். சொல் தேடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் இப்படி மூலபாடமாக மட்டும் இணையத்தில் கிடைக்கும் நூல்கள் பலவற்றில் பாடபேதமும் பதிப்பாசிரியர் முகவுரையும் இருக்காது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார். அந்த உழைப்பெல்லாம் பழம்பதிப்பின் முகவுரையிலும் குறிப்பிலும்தான் தெரியும்.

பழம்பதிப்புகளின் பக்கப் படங்களுக்கு ஆர்கைவ் தளம் பெரிய களஞ்சியம். நம் ஊர் இந்திய அறிவியல் கழகம் முன்னின்ற இந்திய மின்னூலகம் 2017வாக்கில் நின்றுபோனாலும், அதன் படிகள் இங்கே தங்கிவிட்டன. குறை என்னவென்றால், தலைப்புகளை ஆங்கில எழுத்தில் தாறுமாறாக எழுதியிருப்பார்கள், சில நூல்களில் பக்கமும் விடுபட்டிருக்கும். ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடினால்தான் அகப்படும். ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தையும், அச்சுப் பண்பாட்டுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் மறக்கக் கூடாது.

நான் முதல் மதிப்பெண் கொடுப்பது, பெங்களூர் மிதிக் சொசைட்டி 2021இல் தொடங்கிய கல்வெட்டு முப்பரிமாணப் பதிவுக்கு. ரைஸ் பார்த்த கிராமங்கள் இன்று பேட்டைகளாகிவிட்டன. சாலைக்கும் கட்டடத்துக்கும் எத்தனையோ கல் போய்விட்டது. மிச்சமிருக்கும் கல்லின் எழுத்தை வீட்டிலிருந்தே பார்த்து, நூலில் படித்தது சரியா என்று ஒப்பிடலாம். அதாவது நாள்வழியையே கையில் கொடுக்கிறார்கள். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் போல இந்த ஊரிலேயே தமிழ்க் கல்வெட்டு உள்ள இடங்களைப் பிள்ளைகளுக்கு நேரிலும் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்த நூலகமும் தளமும் நம் பரண்மேல் ஏறி வந்து பார்க்காது. தாத்தாவின் கடிதம், கடைக் கணக்கு, சங்கத்துப் பழைய மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே நாள்வழிதான். எடைக்குப் போடாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். புகைப்படத்தின் பின்னால் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். செல்போனில் படமெடுத்தாலும் மூலத்தைப் பத்திரமாக வையுங்கள்.

என் பேத்தி 1923ஆம் ஆண்டுப் பதிப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனாள். அடியில் பதிப்பாண்டும் கல்வெட்டு எண்ணும் அவளே எழுதியிருந்தாள். எனக்கு அது போதும்.