'தோகை'யும் 'துக்கி'யும்: ஒரு மறுநோக்கு

தமிழின் தொன்மைக்குச் சான்றாக வகுப்பறைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுவது, எபிரேய விவிலியத்தில் சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்தவற்றுள் ஒன்றாகக் குறிக்கப்பெறும் 'துக்கிய்யீம்' என்னும் பன்மைச் சொல். அதன் ஒருமையாகிய 'துக்கி'யைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (இரண்டாம் பதிப்பு, 1875) 'தோகை'யோடு இணைத்து, மயில் எனப் பொருள் கொண்டார்.

பீலியைக் குறித்த சொல் பறவையைக் குறிக்காது என்னும் மறுப்பு வலுவற்றது. சினையாகுபெயர் தமிழுக்குப் புதிதன்று. 'தோகை' மயிலைக் குறிக்கும் வழக்கும் நம் இலக்கியத்தில் உண்டு. எனினும் அவ்வழக்கு சாலமோன் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. மேலும், அவ்வெபிரேயச் சொல் விவிலியத்தில் ஒரே செய்தியைக் கூறும் இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. சூழல் அதன் பொருளை வரையறுக்கவில்லை. ஆதலின் ஆல்பிரைட் அதனை எகிப்திய மொழியின் குரங்குப் பெயரோடு பொருத்தினார். சில மொழிபெயர்ப்புகளும் அவ்வாறே கொள்கின்றன. இன்றைய எபிரேயத்திலோ 'துக்கி' என்பது கிளி. பழம்பொருள் மங்கிய சொல்லுக்குப் பிற்காலத்தார் புதுப்பொருள் ஏற்றினர் எனலாம்.

ஒலியொப்புமையில் தொடங்கும் ஆய்வு, காலமும் வணிகவழியும் பொருளும் ஒருங்கே ஒத்துவரும்போதே நிறைவுறும். அதுவரை இதனை ஆய்வுக்குரிய கருதுகோளாகவே மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் முறை.