பெயர் வந்தது, தெரு வரவில்லை

எண்பதுகளின் நடுவில் தாமிரபரணிக் கரை ஊர்களின் டீக்கடைகளில் இலங்கை வானொலியும் திருநெல்வேலி வானொலியும் பாடின. ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தின் கம்ப்யூட்டர் இசையை ஒருவர் ‘வெறும் மிஷின் சத்தம்லா’ என்பார். ‘நீரு சும்மா கெடயும், தாளத்தக் கேளும்வே’ என்பார் மற்றவர். இதுவும் விமர்சனம்தான். நாம் ‘வெகுசன ரசனை’ என்று ஒதுக்கிவிட்டோம்.

ஆனால் இந்தத் தர்க்கத்தில் யாருக்கு பெஞ்சு, யாருக்குத் தரை? இரட்டைக் குவளை இருந்த கடைகளில் சிலர் வெளியே நின்றுதான் பாட்டுக் கேட்டார்கள். தபால் அட்டை போட்டால் நேயர் விருப்பத்தில் பெயரும் ஊரும் வரும்; தெரு வராது. தெருவை வைத்தே ஆளை எடைபோடும் மண்ணில் இது சின்ன விஷயமில்லை.

பாட்டு சாதியை ஒழித்தது என்று சொல்ல வரவில்லை. அலைவரிசையில் சமமாக ஒலித்தது பெயர் மட்டுமே. ஏன் பிடித்தது என்ற பேச்சு பெஞ்சுக்காரர்களிடமே தங்கிவிட்டது. நின்று கேட்டவர்களின் ரசனையை இனியாவது யார் எழுதுவது?